ஆண்டு முழுவதும் தோணி ஓடும் இடம்

இன்று காலை, மணல் அடைத்துக் கிடந்த ஆற்றுவாயை வெட்டிவிட்டார்கள். யாரும் வந்து சொல்லவில்லை. ஸ்டூடியோ ஜன்னலைத் திறந்தபோது வாடை வந்து சொன்னது. வாவித் தண்ணீர் கடலுக்குள் இறங்கி ஓட, மாதக்கணக்காக நீருக்கடியில் கிடந்த கறுப்புச் சேறு கரையெல்லாம் வெளிப்பட்டு, அழுகிய பாசியும் செத்த மட்டியுமாக எழும் வாடை. புளியந்தீவில் எல்லோரும் இந்த நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவார்கள். நீ மட்டும் நெஞ்சு நிறைய இழுத்து, "ஆறு மூச்சு விடுது மச்சான்" என்பாய். ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ மண்ணுக்குள் போய் நாற்பது நாள் கடந்துவிட்டது. அன்றைக்கு நானும் காத்தான்குடிக்கு வந்தேன். உன்னை அடக்கிய மையவாடியின் மதிலுக்கு வெளியே தெருவில் நின்றேன். உன் வீட்டு ஆள் ஒருவர் கண்டு, உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார். கால் வலி என்று சொன்னேன். எனக்குக் கால் வலி எதுவும் இல்லை. உன்னைச் சுமந்து வந்தவர்கள், கூட்டாளியாயிற்றே என்று என் தோளையும் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

நாம் பழகத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். நெசவுகாரர் நெய்யும் சாறன் துணி மூட்டைகளைத் தோணியில் ஏற்றி வாவியின் இரு கரைக்கும் கொண்டு போய் விற்பது உன் தொழில். துறையில் இறங்கியவுடன் மழை கொட்ட, கேளாமலே மூட்டைகளை என் ஸ்டூடியோவுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு நின்றாய். படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் நான் தொங்கவிட்டிருந்த திரையைக் கண்டாய். அதில் ஒரு அரண்மனை, ஒரு தாமரைக்குளம், இரண்டு அன்னம். ஈரத் தலையைத் துவட்டாமலே சிரித்தாய்.

"வெளியில இவ்வளவு பெரிய ஆறு கிடக்கு. நீ என்னத்துக்குத் துணியில குளம் கீறி வெச்சிரிக்காய்?"

அடுத்த கிழமையே என்னையும் என் கமராப் பெட்டியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனாய். அன்றைக்கு எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கடை முன்கண்ணாடியில் வைத்தேன். இரண்டு பக்கமும் கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்க, நடுவே அசையாத வாவி. பல வருடம் அந்தப் படம் அங்கேயே வெயிலில் மங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அதைப் பார்த்துத்தான் மெட்ராஸ்காரர் உள்ளே வந்தார்.

அது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன். அவர் ஒரு பேசும்பட டைரக்டர். மெலிந்த மனிதர், கறுப்புக் கண்ணாடி, வியர்வையில் நனைந்த கதர்ச் சட்டை. ராஜகுமாரன் கதை ஒன்று எடுக்கப் போவதாகவும், ஸ்டூடியோவுக்குள் தொட்டி கட்டி ஆறு என்று காட்டிச் சலித்துவிட்டதாகவும் சொன்னார். "அவுட்டோர் வேணும் ஸார். நிஜமான தண்ணி, நிஜமான காடு. இந்தப் போட்டோவில இருக்கிற இடத்தை எனக்குக் காட்ட முடியுமா?" என்னால் முடியாது. அந்த இடத்துக்கு வழி தெரிந்தவன் நீ.

பன்னிரண்டு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு திரிந்தோம். அந்தப் பன்னிரண்டு நாளைப் போல நான் வேறெந்த நாட்களிலும் சந்தோசமாக இருந்ததில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் கசக்கிறது. அவர் இரு கை விரல்களையும் சட்டம் போலக் கூட்டி அதற்குள்ளால் பார்ப்பார். ஒரு மணித்தியாலம் பேசமாட்டார். பிறகு கேள்விகளாகக் கொட்டுவார். கமராவை எங்கே இறக்குவது, காற்று எந்தப் பக்கம், பேச்சைப் பதிவு செய்யும்போது காகம் கத்துமா, இந்த மரத்துக்குப் பின்னால் சூரியன் எத்தனை மணிக்குப் போகும்? நான் விழிப்பேன். நீ பதில் சொல்வாய். "பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்ற நேரத்தில போகும் ஐயா. அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் தண்ணி மட்டும் மினுங்கும்." அவர் மறுநாள் கடிகாரத்தோடு வந்து பார்ப்பார். நீ சொன்னபடியே இருக்கும்.

அமிர்தகழியில் கோயில் தீர்த்தக் குளத்தைக் காட்டினோம், வேண்டாம் என்றார். வெல்லாவெளிப் பக்கம் வண்டில் கட்டிக்கொண்டு போனோம். அறுவடை முடிந்து கிடந்த பரந்த வட்டை ஒன்றைக் கண்டதும், குதிரைப்படை ஓட இதுதான் இடம் என்று அவர் துள்ளினார். நீ வண்டிலை விட்டு இறங்கவே இல்லை. "இது சோறு விளையிற வட்டை ஐயா. இன்னும் ரெண்டு மாசத்தில உழப் போறாங்க. குதிர ஓடினா வரம்பெல்லாம் போயிரும். இது வாணாம்." அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் திரும்பி வரும் வழியில் என்னிடம், "வேண்டாம்னு சொல்ற ஆள் ஒருத்தர் கூட இருக்கணும் ஸார். இவர் கிடைச்சது என் அதிர்ஷ்டம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பத்தாம் நாள் முகத்துவாரத்துக்குப் போனோம். ஆவணி மாதம். ஆற்றுவாயை மணல் மூடி அடைத்திருந்தது. ஒரு பக்கம் கடல் இரைய, மணல் திட்டுக்கு இந்தப் பக்கம் வாவி கண்ணாடி போலக் கிடந்தது. தென்னைகள் தலைகீழாகத் தெரிந்தன. டைரக்டர் விரல்களைக் கூட்டவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன்" என்றார். ராஜகுமாரன் எதிரிகளிடமிருந்து தப்பித் தனியாகத் தோணியில் போகும் காட்சியை இங்கேதான் எடுப்பேன் என்றார்.

அவர் தூரமாய் நடந்து போன பிறகு நீ என் கையைப் பிடித்தாய்.

"மச்சான், இப்ப சரி. மழ பெஞ்சு ஆத்துவாய் வெட்டின பிறகு இஞ்ச தோணி விட ஏலா. மேல பாத்தா சும்மா கிடக்கும். அடியில இழுத்துக் கொண்டு போய்க் கடல்ல போட்டுரும். மார்கழியில வாறெண்டா இந்த இடம் வாணாமெண்டு எழுது. மறக்காம எழுது."

"எழுதுறன்" என்றேன்.

அவர் மெட்ராஸ் போனதும், படங்களையும் இடங்களின் விபரங்களையும் நான் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கதாநாயகனுக்கு மார்கழியில்தான் ஓய்வாம். அந்த மாதத்தில் முகத்துவாரத்தில் தோணி ஓட்டலாமா? முடியாதென்றால் காவிரிக் கரையிலேயே எடுத்துவிடுவார்களாம். முடியுமென்றால் படம் முழுவதற்கும் நான்தான் புகைப்படக்காரன். திரையில் என் பெயர் வரும்.

நீ அப்போது சாறன் மூட்டையோடு ஓட்டமாவடிப் பக்கம் போயிருந்தாய். நீ வரும்வரை நான் பொறுத்திருக்கலாம். வந்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் விபரம் எழுதிக்கொண்டு வந்தேன். முகத்துவாரப் படம் வந்தபோது, 'ஆண்டு முழுவதும் தோணி ஓடும் இடம்' என்று எழுதினேன். மை காய முன்பே உறையில் போட்டு ஒட்டினேன்.

மார்கழியில் அவர்கள் வந்து இறங்கினார்கள். ஆற்றுவாய் வெட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளம். நீ அங்கே அகப்பட்டுக்கொண்டாய். நீ இல்லாததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கதாநாயகன் தண்ணீரைப் பார்த்தார். தோணியில் ஏறமாட்டேன் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தூரக் காட்சிதானே, அவருடைய உயரத்தில் தோணி விடத் தெரிந்த ஒருவன் போதும் என்றார் டைரக்டர். நான்தான் போய் உன் தம்பியைக் கூட்டி வந்தேன். அவனுக்கு வயது இருபத்திமூன்று. பெண் பேசி, தையில் கல்யாணம் என்று நாளும் வைத்திருந்தார்கள். ராஜகுமாரன் உடுப்பைப் போட்டதும் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சரிகை வைத்த வெல்வெட் சட்டை, தோள்வரை பொய்முடி, தாடைக்குக் கீழே நாடா போட்டுக் கட்டிய கிரீடம். "அண்ணே, உம்மா கண்டா அடிச்சே போடுவா" என்று சிரித்தான். அப்படியே நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன்.

தோணியில் கால் வைக்கும்முன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானா, நானா என்று உன் பின்னாலேயே திரிந்து தோணி விடப் பழகியவன்.

"நானா இல்லாம இதுல இறங்கிறது சரியாண்ணே? இழுவ கிடக்கிற மாதிரித் தெரியிது."

இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் அவனுக்குச் சொன்னது இதுதான்: "உன்ட நானாதானே இந்த இடத்தத் தேடிக் காட்டினவர்."

அது பொய் இல்லை. அதைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது. ஏறிவிட்டான்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கம்பை ஊன்றி ஊன்றி நடுவுக்குப் போனான். டைரக்டர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையசைத்தார். பிறகு கம்பு தரை தொடவில்லை. அவன் குனிந்து கம்பை ஆழமாக விட்டுப் பார்த்ததைக் கரையிலிருந்து கண்டேன். தோணி பக்கவாட்டில் திரும்பியது. திரும்பியதும் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது. ஆற்றுவாயில் அலை வந்து மோத, கவிழ்ந்தது. நீந்தத் தெரியாதவன் அல்ல அவன். வெல்வெட் தண்ணீர் குடித்தது. கிரீடத்தின் நாடா கழுத்தில் இருந்தது. ஒரு கை மேலே வந்தது. எல்லோரும் கத்தினோம். கமராவைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தவில்லை. 'நடிக்கிறான் என்று நினைத்தேன்' என்று பிறகு சொன்னான்.

அன்று பின்னேரமே கடற்கரையில் ஒதுங்கினான். நீ வந்தபோது அவனை உம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த உடுப்பைக் கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மரண விசாரணையில் படக் கம்பெனி மனேஜர் என் கடிதத்தை எடுத்து வாசித்தார். 'ஆண்டு முழுவதும் தோணி ஓடும் இடம்.' நீ வாங்குப் பலகையில் இருந்தபடி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆள் மாறி வந்துவிட்டதோ என்று பார்ப்பது போலப் பார்த்தாய்.

விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார்: "யார் சொல்லி இப்படி எழுதினீர்?"

நான் வாய் திறக்கவில்லை. நீ எழும்பினாய்.

"நான்தான் சொன்னன் ஐயா. அவர் போட்டோ பிடிக்கிறவர். ஆத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

உன் சனம் முழுவதும் அங்கே நின்றது. உன் மச்சினன்மார், உன் தங்கை புருசன், கல்யாணப் பெண்ணின் வாப்பா. எல்லோரும் கேட்டார்கள். தவறுதலாக நடந்த மரணம் என்று எழுதி முடித்தார்கள்.

வெளியே வாகை மரத்தடியில் உன் பின்னால் ஓடி வந்து, ஏன் என்று கேட்டேன்.

"உன்னப் பிடிச்சு மறியல்ல போட்டா எண்ட தம்பி எழும்பி வருவானா? உனக்கு நாலு பிள்ளை கிடக்கு." நடக்கத் தொடங்கினாய். "இனி எனக்கிட்ட ஒண்டும் விளங்கப்படுத்த வராத மச்சான்."

அப்போதும் மச்சான் என்றுதான் சொன்னாய். அந்தச் சொல் அன்றைக்கு எனக்குச் செருப்படி போல இருந்தது. உன் மீது எனக்குக் கோபமும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் தண்டனை பட்டு வெளியே வந்திருப்பேன். நீ என்னைத் தப்ப விட்டுவிட்டு உன் வழியே போய்விட்டாய். நானும் மெல்ல, வசதியாக, அதை ஏற்றுக்கொண்டேன்.

சில நாளில் ஸ்டூடியோவுக்கு வந்தாய். உம்மா அவன் முகத்தைப் பார்க்கக் கேட்கிறாவாம், படம் ஏதும் இருக்கிறதா என்றாய். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எடுத்துக் கொடுத்தேன். பொய்முடியும் கிரீடமும் நெற்றியில் வரைந்த திலகமுமாக அவன் வெட்கச் சிரிப்பு. நீ நெடுநேரம் பார்த்தாய். "இது அவனில்ல. இது அவங்கட ராசா" என்று மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய்.

ஒரு வருடம் கழித்துப் படம் நமது ஊருக்கு வந்தது. மாலைக் காட்சிக்குப் போனேன். அந்தக் காட்சியை வெட்டியிருப்பார்கள் என்று நம்பினேன். வெட்டவில்லை. தோணி திரும்புகிறது, கவிழ்கிறது, கை ஒன்று மேலே வருகிறது. அடுத்த நொடி கதாநாயகன் தொட்டித் தண்ணீரில் நனைந்து கரையேறிப் பாட்டுப் பாடுகிறார். சனம் விசிலடித்தது. பக்கத்தில் இருந்தவர், "உண்மை போலவே எடுத்திருக்கான்" என்றார். திரையில் என் பெயரும் வரவில்லை.

மறுநாள் காலை நீ கடை வாசலில் நின்றாய்.

"அந்தப் படத்தப் பாத்தயா?"

"பார்த்தன்."

"அதுல அவன் வாறானா?"

நீ பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இல்ல. அதை வெட்டிட்டாங்கள்" என்றேன்.

நீ தலையாட்டினாய். தெருவில் இறங்கிய பிறகுதான் திரும்பினாய்.

"நான் நேத்துப் பாத்திட்டன் மச்சான். நீ இரிந்த இடத்துக்கு ரெண்டு வாங்கு பின்னால இரிந்தன்."

அதன் பிறகு பத்து வருடம். தெருவில் கண்டால் சுகம் கேட்பாய். என் மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சாறன் ஒன்று கொடுத்தனுப்பினாய். என் கடைக்குள் மட்டும் மீண்டும் கால் வைக்கவில்லை.

உன் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு வேறு ஆட்கள் வாயால் வந்தது. உம்மா உன் தங்கையோடு இருந்தாள். மூத்த மகன் இளையவனைச் சாவுக்கு அனுப்பினான் என்று நம்பினாள். நீயே பலர் முன்னால் சொன்னதாயிற்றே. ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்து அந்த வீட்டு வாசல் கடப்படிக்குப் போவாயாம். உள்ளே போக உத்தரவில்லை. கொண்டுபோன மீனையோ பழத்தையோ வேலிக் கம்பில் மாட்டிவிட்டு, "உம்மா, நான் வந்திரிக்கன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் திரும்புவாயாம். யுத்த காலத்தில், அரிசிக்குக் கூப்பன் கொடுத்த நாட்களில், அவள் மௌத்தானாள். கடைசிவரை உன்னோடு பேசவில்லை. ஒரு வார்த்தையில் அதை மாற்றக்கூடிய நான் வாவிக்கு இந்தப் பக்கம் இருந்து கல்யாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை உன் தங்கையிடம் போனேன். கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். கடிதத்தைச் சொன்னேன். நீ என்னை எச்சரித்ததைச் சொன்னேன். தோணியில் ஏறும்போது தம்பி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்றேன்.

"இதச் சொல்ல இத்தின வருசமா?" என்றாள். "மௌத்தாகக்குள்ள உம்மாக்குத் தொண்ட காஞ்சு கிடந்திச்சு. நானா ஓடி வந்து தண்ணி குடுத்தாரு. உம்மா வாயத் திறக்கல்ல. நான் வாங்கிக் குடுத்தன், குடிச்சா. நானா கடப்படியில போய் இரிந்து அழுதாரு. நான் அவரப் பாத்து, அழுறீங்களா, நல்லா அழுங்க எண்டன்." சீலை அசைந்தது. "எனக்கிட்டச் சொல்லி என்ன? போய் ஊர்ல சொல்லுங்க. அவர ஏசின வாய்களுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன். பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் உன் மச்சினன்மாரும் வயதானவர்கள் சிலரும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பி இடம் கொடுத்தார்கள். "இவர்தான் அவருக்குப் பழைய கூட்டாளி" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். தேநீர் வந்தது. உன்னைப் பற்றிப் பேசினார்கள். உன் கைச் சுத்தம், ஆற்றை நீ அறிந்திருந்த விதம், வெள்ளத்தில் மற்றவர்களுக்காகத் தோணி விட்டது, எல்லாம் பேசினார்கள். பிறகு ஒரு கிழவர் பெருமூச்சு விட்டு, "எல்லாம் சரி, அந்தத் தம்பி விசயத்தில மட்டும் அவர் கவனமில்லாம நடந்திட்டாரு" என்றார். எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். அப்போது அவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தேநீரைக் குடித்தேன்.